தங்கை புருஷன் குடியை விட்டான்

சீசுக் குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறது என்ற செய்தி ஊரில் எல்லோருக்கும் இனித்தது. அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அக்கா தாவோனுக்குத்தான் வயிறு எரிந்தது.

மேகாங் ஆற்றங்கரைப் படகுத்துறைச் சந்தையில் தாவோனுக்குப் பப்பாளிக்காய் வியாபாரம். காயைச் சீவிப் போட்டு, மிளகாயும் எலுமிச்சையும் மீன் ஊறலும் சேர்த்து உரலில் இடித்துக் கொடுப்பாள். வருகிறவள் மிளகாய் இரண்டா மூன்றா என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கலாம் அல்லவா? நிற்க மாட்டாள். உன் தங்கச்சி புருஷன் திருந்திட்டானாமே, நேத்து அவள் கூடையை அவன் தூக்கிட்டுப் போனானாமே, ஆளே சிவந்து போயிருக்கானாமே என்று ஆரம்பித்துவிடுவாள். தாவோன் உலக்கையை ஓங்கி ஓங்கி இடிப்பாள். அந்த நாட்களில் அவளிடம் வாங்கித் தின்றவர்கள் பப்பாளி கூழாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் முதலில் திருந்தியிருக்க வேண்டியவன் அவள் புருஷன் கம்பான்தான். அதற்காக அவள் படாத பாடு உண்டா? கம்பானும் சீசுக்கும் சகலைகள். அந்தப் பக்கத்து வழக்கப்படி இரண்டு பேருமே பெண் வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளைகள். ஒரே வளவில் எதிரும் புதிருமாகக் கால் நட்டுக் கட்டிய இரண்டு மர வீடுகள், அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. சகலைகள் இரண்டு பேரும் ஒரே ஜாடியில் குடித்தார்கள், ஒரே கரையில் விழுந்து கிடந்தார்கள். ஆனால் வைத்தியம் தேடி அலைந்தது தாவோன் ஒருத்திதான். தங்கை லமூன் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை.

முதலில் மலையடிவாரத்து வேர் வைத்தியரிடம் போனாள். அவர் கொடுத்த வேரை அரைத்துப் புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தாள். இரண்டு நாள் வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, செத்துப் பிழைத்ததைக் கொண்டாட வேண்டும் என்று அரிசிச் சாராயம் வாங்கி வரச் சொன்னான். அடுத்து விகாரைக்கு இழுத்துப் போனாள். மழைக்கால மூன்று மாதமும் தொடுவதில்லை என்று பெரிய பிக்குவின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்தான். ஒன்பது நாள் தாங்கியது. அப்புறம் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக் கரையிலிருந்து ஒரு மாத்திரை வரவழைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் குடல் வெளியே வந்துவிடும். குடியை விடுவான் என்று பார்த்தால் மாத்திரையை விட்டான். கடைசியாக, வேலி போட்ட மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் கொண்டுபோய் விட்டாள். கன்னம் உப்பி, கலகலவென்று திரும்பி வந்தான். கூடவே மூன்று புதிய சிநேகிதர்களும் வந்தார்கள். மூன்று பேரும் நல்ல குடிகாரர்கள்.

இத்தனைக்கும் பிறகு, ஆறு மாதத்துக்கு முன்னால், மேகாங் கரைபுரண்டு ஓடிய சமயத்தில், சீசுக் படகிலிருந்து இறங்கும்போது வலிப்பு வந்து சேற்றில் விழுந்தான். யாரோ தூக்கிப் போய் மாகாண ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பத்து நாள் படுக்க வைத்து, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் அதைக் குறைத்து, சத்து ஊசி போட்டு எழுப்பி உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குப் போகிறான். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்களாம். பெங்சி என்ற நர்ஸ் நடுவில் உட்கார்ந்து கேட்கிறாளாம். அவ்வளவுதான் வைத்தியம். வேர் இல்லை, சத்தியம் இல்லை, வேலி இல்லை. பேச்சு! இந்தக் கூத்தைத் தாவோனால் சகிக்க முடியவில்லை.

லமூன் ஆடிய ஆட்டம் அதைவிடப் பெரியது. புருஷன் ஒரு படியைச் செப்பனிட்டால் அந்தப் படியில் பத்துத் தரம் ஏறி இறங்குவாள். காலையில் அவன் அடுப்பு மூட்டிக் கொடுத்தால், புகை கண்ணில் படுகிறது என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிணுங்குவாள். வியாழக்கிழமை வந்தால் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவன் இடுப்பைப் பிடித்தபடி போவாள். தாவோன் தன் வீட்டு ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்ப்பாள். பார்க்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பாள். ஆனால் சீசுக் எத்தனை கவளம் சோறு தின்றான், எப்போது சட்டை மாற்றினான் என்று லமூனைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பத்தொன்பது வருஷம் நாயாய் அலைந்தவளுக்கு ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு மடியில் வந்து விழுகிறது. இதுதான் அவள் நெஞ்சை அறுத்தது. தங்கை நன்றாக இருக்கக் கூடாது என்று அவள் நினைத்ததில்லை. தனக்குப் பிறகு நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் லமூன் வேலியோரம் நின்று, அத்தானையும் இந்த வியாழன் எங்களோடு அனுப்பேன் அக்கா என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். தாவோன் காதில் அது அப்படி விழவில்லை. உன் வைத்தியம் எல்லாம் குப்பை, என்னிடம் வந்து கற்றுக்கொள் என்று விழுந்தது. எனக்கு வேலை இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பானே கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒட்டரிசிச் சோற்றை விரலால் உருட்டியபடி, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"சீசுக் போற எடத்துக்கு நானும் போய்ப் பாக்கட்டுமா தாவோன்?"

பத்தொன்பது வருஷத்தில் அவனாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எந்தப் பெண்டாட்டியும் எழுந்து நின்று கும்பிட்டிருப்பாள். தாவோனின் மனக்கண்ணில் பட்டதோ, அந்தக் கொட்டகையில் லமூன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதும், கம்பான் அவள் புருஷனுக்குப் பின்னால் கைகட்டி நிற்பதும்தான்.

"நான் கூட்டிட்டுப் போன எடத்துல எல்லாம் உனக்குத் திருந்த முடியல. அவ புருஷன் வாலப் புடிச்சுக்கிட்டுப் போனாத்தான் திருந்துவியோ? போ. போனா இந்தப் படி ஏறாத."

கம்பான் உருட்டிய சோற்றை மூங்கில் சோற்றுக் கூடையிலேயே வைத்துவிட்டு எழுந்தான். மறுநாள் முதல் ஆற்றங்கரைத் தோட்டத்துக் குடிசையில் படுக்கத் தொடங்கினான். தண்ணீர் வடிந்த கரையில் வேர்க்கடலையும் கோசும் போட்டிருந்தார்கள், காவலுக்கு ஆள் வேண்டும் என்று சாக்குச் சொன்னான். மத்தியானம் மட்டும் சோற்றுக்கு வருவான்.

அந்த முதல் வாரம் அவன் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! கை நடுக்கத்தில் மூங்கில் கூடையின் மூடியைத் திறக்க முடியவில்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் குழி விழுந்து, ஒரு வாய் தின்றால் இரண்டு வாய் தண்ணீர் குடித்தான். குடிசையில் தனியாகக் கிடந்து விடிய விடியக் குடிக்கிறான் என்று தாவோன் முடிவு கட்டினாள். குடிச்சே சாவு, எனக்கென்ன என்றாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிறவன் இப்போது சும்மா இருக்கிறானே, ஏன் என்று அவள் யோசித்திருக்கலாம். அவள் யோசனை எல்லாம் எதிர்வீட்டில் இருந்தது. கரையில் சீசுக்கும் கம்பானும் தலையோடு தலை வைத்துப் பேசுவதை இரண்டு மூன்று தடவை பார்த்தாள். அவள் கிட்டே போனதும் பேச்சு நின்றுவிடும். தன்னைப் பற்றித்தான் கேலி பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் லமூன் புதிதாக ஒன்று கிளப்பினாள். சீசுக்குக்கு உயிரழைப்புச் சடங்கு செய்ய வேண்டுமாம். மனிதன் உடம்பில் முப்பத்திரண்டு உயிர்கள் இருக்கின்றன, நோயிலும் பயத்திலும் அவை ஒவ்வொன்றாகக் கழன்று எங்கேயாவது போய்விடும், அழைத்து வந்து மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்ட வேண்டும். குடிகாரனுக்கு எத்தனை போயிருக்குமோ, யார் கண்டார்கள். ஆறு மாதம் நிறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று.

அதில் ஒரு சிக்கல். சாராயம் இல்லாமல் செய்யலாம் என்றாள் லமூன். மந்திரம் சொல்லும் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. உயிர் என்ன ஆஸ்பத்திரியிலா இருக்கிறது, தண்ணீரைக் காட்டினால் வருவதற்கு என்று கேட்டார். கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. தட்டின் அடியில் ஒரே ஒரு பாட்டில் இருக்கும். அதில் பெரியவருக்கு ஒரு வாய், தேவதைகளுக்கு ஒரு வாய். வழக்கம்போல வட்டத்தில் சுற்றி வராது. குடியை விட்டவனுக்கு நல்லது செய்யக் கூடி, நடுவில் சாராயத்தை வைக்கிறோமே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சடங்கு என்றால் சடங்கு.

வீட்டில் மூத்தவள் தாவோன் என்பதால் தட்டு அலங்காரமும் ஊற்றிக் கொடுக்கும் உரிமையும் அவளுடையது. வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டி அடுக்கினாள், சாமந்தியைச் செருகினாள், அவித்த முட்டையும் கோழியும் வைத்தாள். நூல்களை ஒவ்வொன்றாக மூங்கில் குச்சியில் தொங்கவிட்டாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு நூலைத் தொங்கவிடும்போதும் மட்டும், இது என் புருஷனுக்காக இருந்திருக்கக் கூடாதா என்று மனம் கரித்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு லமூன் வீட்டில் நாற்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சீசுக் நடுவில், வெள்ளைத் துண்டைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, கைகூப்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருப்பவர் அவன் முழங்கையைத் தொட வேண்டும், அவரை அடுத்தவர் தொட வேண்டும், அப்படி வீடு முழுவதும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டிருப்பது முறை. சீசுக்கின் வலது முழங்கையைத் தொட்டபடி கம்பான் உட்கார்ந்திருந்தான். குளித்து, தலை வாரி, சுத்தமான சட்டை போட்டு வந்திருந்தான். ஓசிச் சாப்பாடு என்றதும் அலங்காரத்தைப் பார் என்று தாவோன் பல்லைக் கடித்தாள்.

பெரியவர் மந்திரம் சொல்லி உயிர்களைக் காட்டிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வரச் சொல்லி அழைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக முழங்காலில் நகர்ந்து வந்து சீசுக்கின் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்தினார்கள். படகுக்கார மாமா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவன் மாதிரி வைராக்கியம் யாருக்கு வரும் என்று ஒருத்தி சொன்னாள். எல்லாம் லமூனின் அதிர்ஷ்டம் என்றாள் இன்னொருத்தி.

லமூனுக்கு முகமெல்லாம் பல். அவள் கம்பான் பக்கம் ஒரு பார்வை பார்த்து, உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க அக்கா பாவம், அவ செஞ்சதுல கால்வாசி நான் செய்யல. அவளுக்கும் நல்ல காலம் வருது, பாத்துக்கிட்டே இருங்க."

பாவம் என்று சொன்னாள். நாற்பது பேர் நடுவில், தாவோன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்கிற மாதிரி சொன்னாள். அதோடு கம்பானைப் பார்த்து ஒரு இளக்காரச் சிரிப்பு வேறு. ஒரே ஒரு வாய் உள்ளே போகட்டும், இந்த வைராக்கியம் எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்ப்போம் என்று அவள் நினைத்தாள். தெளிவாகவே நினைத்தாள். சீசுக்கின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. லமூனின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தட்டின் அடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பெரியவருக்கு ஊற்றினாள், அவர் குடித்தார். மூங்கில் தரையின் சந்து வழியாகத் தேவதைகளுக்கு ஊற்றினாள். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் மூன்றாவது முறை, விளிம்பு வரை ஊற்றினாள். முழங்காலில் நகர்ந்து போய் சீசுக்கின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வந்த உயிர வெறும் வாயோட வரவேற்பாங்களா தம்பி? புடி."

ஊற்றிய குவளை நிறைந்தபடியே திரும்பினால் வந்த உயிரும் கூடவே திரும்பிவிடும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பயம். வேண்டாதவன் உதட்டில் தொட்டுவிட்டுக் கொடுக்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் வாங்கி அவனுக்காகக் குடிக்கலாம். தள்ளிவிட மட்டும் கூடாது. சீசுக் குவளையைப் பார்த்தான். அவன் மூக்கு விடைத்தது. கூப்பிய கை மெல்லப் பிரிந்தது. விருந்துக்கு அவித்த கோழியை நறுக்கிக்கொண்டிருந்த லமூன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அக்கா என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இறங்கிவிட்டது. தாவோன் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த ஒரு நொடி, சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அப்போது சீசுக்கின் முழங்கையிலிருந்து ஒரு கை எடுபட்டது. கம்பான் எட்டி, தாவோனின் கையிலிருந்து குவளையை வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான்.

சுற்றியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். தாவோனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இவனுக்காகவா இத்தனை வருஷம் அழுதேன் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடா கெடைக்கும்னு காத்துக்கிட்டு இருந்தியா? அடுத்தவன் கொவளைக்கு அலையுற நாயி."

சீசுக் கம்பானின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். சீசுக்கின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஏன் சகல இப்படிப் பண்ணுன? இன்னையோட பதினெட்டு நாளு. பதினெட்டு நாளு சகல!"

"உன்னது நூத்தி எம்பத்தாறு" என்றான் கம்பான். "என்னது பதினெட்டுதானே. போனாப் போகட்டும்."

தாவோனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என்ன பதினெட்டு என்று கேட்டாள். லமூன்தான் எழுந்து நின்று, அத்தான் மூணு வாரமா எங்களோட வர்றாரு அக்கா என்றாள். தாவோன் தடுத்த அந்த வாரத்து வியாழக்கிழமையே அவன் கிளம்பிப் போயிருக்கிறான். நர்ஸ் பெங்சி கொடுத்த மாத்திரையை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டு குடிசையில் கிடந்திருக்கிறான். சீசுக் காலையும் மாலையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். குடித்துவிட்டு நடுங்குகிறான் என்று தாவோன் திட்டினாளே, அது குடியை விட்டதால் வந்த நடுக்கம். தாவோனிடம் யாரும் சொல்லக் கூடாது, இந்தச் சடங்கு முடிந்ததும் நானே என் வாயால் சொல்லுவேன் என்று அவர்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறான்.

பதினெட்டு நாள் சுத்தமாக இருந்த புருஷனுக்குச் சோறு போட்டிருக்கிறாள், அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் போய் ஒரு முறை மூச்சை முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். எதிர்வீட்டுத் தங்கை புருஷன் சட்டை மாற்றியதைப் பார்த்தவளுக்கு, தன் வீட்டுக்காரன் நிதானமாகப் படி ஏறியது கண்ணில் படவில்லை.

"உதட்டுல தொட்டுட்டுக் குடுத்திருக்கலாமேய்யா" என்றாள்.

"உதட்டுல தொட்டுட்டுக் குடுக்கத் தெரிஞ்சவனா இருந்தா நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

இப்படிச் சொல்லிவிட்டு அவன் குவளையை அவள் பக்கம் நீட்டினான். கை நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஊத்து என்றான். அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊத்து தாவோன், நீ ஆரம்பிச்சதுதானே என்றான். சீசுக் உள்ளங்கையால் குவளையின் வாயை மூடினான். கம்பான் அந்தக் கையை மெதுவாக விலக்கி, குவளையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து படி இறங்கிப் போனான். தெருமுனையில் சாராயக் கடை இருக்கிறது என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியும். சீசுக் நூல் கட்டிய கையோடு அவன் பின்னால் ஓடினான்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. பெரியவர் தன் பையை எடுத்துக்கொண்டார். கடைசியில் அக்காளும் தங்கையும் மட்டும் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"நீ ஊத்துனது எம் புருஷனுக்கு இல்ல. எனக்குத்தான், இல்லக்கா?"

தாவோன் பொய் சொல்லியிருக்கலாம். சடங்குக்காகச் செய்தேன், பழக்கதோஷம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஆமா. உனக்குத்தான். நீ சிரிச்சது பொறுக்கல."

லமூன் தலையை ஆட்டினாள். அக்காளின் கையிலிருந்து பாட்டிலை வாங்கி ஜன்னல் வழியாக வெளியே கவிழ்த்தாள். பிறகு பாயைச் சுருட்டத் தொடங்கினாள். தாவோன் மறுமுனையைப் பிடிக்கப் போனபோது, வேண்டாம் நீ போ என்றாள்.

கம்பான் அன்று முழுக்கக் குடித்தான். திங்கட்கிழமையும் குடித்தான். சீசுக் தொடாமல், திட்டாமல், கடைவாசலில் ஒரு பலகையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒருவேளை இரண்டு பேரும் சேர்ந்து விழுந்துவிடுவார்களோ என்று தாவோன் பயந்துகொண்டு கிடந்தாள். ஞாயிறு காலையில் இந்தப் பயமே அவளுக்கு ஆசையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சீசுக் அவனைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து நர்ஸ் பெங்சியிடம் கொண்டுபோனான். மறுபடி மாத்திரை, மறுபடி நடுக்கம், மறுபடி குடிசை. இந்த முறை தாவோன் சோற்றைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு குடிசைக்கே போனாள். அவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். கூடையை வைத்துவிட்டு, அருகில் குனிந்து அவன் மூச்சை முகர்ந்து பார்த்தாள். மருந்து வாடை மட்டும்தான் இருந்தது. திரும்பினாள்.

வியாழக்கிழமை மோட்டார் சைக்கிளில் மூன்று பேரும் போன பிறகு, அவள் கடையை மூடிவிட்டு, பயணிகள் லாரி ஒன்றில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும் வழியெல்லாம், திரும்பி விடலாமா என்றுதான் இருந்தது. லமூன் முகத்தை அங்கே எல்லோர் முன்னாலும் பார்க்க வேண்டும். இத்தனை காலம் எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று முறுக்கிக்கொண்டாளோ அந்த இடத்தில் போய்ப் பெஞ்சில் உட்கார வேண்டும். இறங்கினாள். வார்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

தகரக் கொட்டகையில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கற்பனை செய்து வைத்திருந்த மாதிரி லமூன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு ஓரத்தில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்காளைப் பார்த்தாள், கையில் இருந்த தம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். தாவோன் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் பெங்சி ஒவ்வொருவரையும் அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேட்டாள். ஒருவர் நாற்பது என்றார். ஒரு கிழவர் எழுநூறு என்றார். சீசுக், நூற்றுத் தொண்ணூறு என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். தாவோனுக்கு அப்போதும் சுருக்கென்று ஒன்று தைத்தது. அந்த எண் தன் புருஷனுடையதாக இல்லையே என்று. அது அவ்வளவு லேசில் போகிற சாமான் இல்லை.

அடுத்தது கம்பான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மூணு என்றான். அதற்கும் கைதட்டினார்கள். போன வாரம் பதினைந்து சொன்னீர்களே என்று பெங்சி கேட்கவில்லை. கேட்காமல் அடுத்த பெஞ்சுக்குத் திரும்பி, புதிதாக வந்திருக்கிற அம்மா யார் என்று கேட்டாள்.

தாவோன் எழுந்து நின்றாள். சின் பாவாடையின் விளிம்பை இழுத்துச் சரி செய்தாள். இவர் பெண்டாட்டி என்று சொன்னால் போதும். அவ்வளவு சொல்லிவிட்டு உட்காரத்தான் வாயைத் திறந்தாள்.

"இவரு இன்னைக்கு இருபத்திரெண்டுனு சொல்லியிருக்கணும். மூணுனு சொல்ல வச்சது நாந்தான். எந்தங்கச்சி மேல பொறாம. அவ புருஷனுக்கு ஊத்துனேன், அத இவரு குடிச்சாரு."

யாரும் கைதட்டவில்லை. பெங்சி எதையும் எழுதவும் இல்லை. லமூன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாவோன் நின்றபடியே இருந்தாள், உட்காரலாமா போய்விட வேண்டுமா என்று தெரியவில்லை.

கம்பான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்தில் கையால் தட்டினான்.

"இங்கிட்டு வந்து உக்காரு. அங்க வெயில் அடிக்குது."